இண்டர்கூலரின் வரலாறு: சூப்பர்சார்ஜர் எழுப்பிய சூடும் அதைத் தணித்த வழிகளும்

இண்டர்கூலர் (இடைக்குளிர்விப்பான்) என்பது, சூப்பர்சார்ஜரோ டர்போவோ அழுத்தி அனுப்பும் காற்றை, அது எஞ்சின் சிலிண்டருக்குள் நுழையும் முன் குளிர்விக்கும் கருவியாகும். பார்வைக்கு ஒரு சிறிய ரேடியேட்டர் போலவே இருக்கும். இன்று லாரி, பேருந்து, டீசல் கார் என்று எங்கும் காணப்படுவதால், இதற்கென்று ஒரு வரலாறு இருக்கும் என்றே பலருக்குத் தோன்றுவதில்லை. ஆனால் சூப்பர்சார்ஜர் பூட்டிய கார்கள் 1921-இலேயே பொதுமக்கள் பார்வைக்கு வந்துவிட்டன. விற்பனைக் கார்களில் இண்டர்கூலர் இடம்பிடித்ததோ 1970-களின் இறுதியில்தான். இடைப்பட்ட அறுபது ஆண்டு அளவுக் காலத்தில் பொறியாளர்கள் அந்தச் சூட்டை எப்படிச் சமாளித்தார்கள், அந்த வழிகள் ஏன் போதாமல் போயின, இன்றைய சூப்பர்சார்ஜர் கார்களில் இன்னும் ஏன் இது தலைவலியாக இருக்கிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

அழுத்தினால் சூடாகும்

சைக்கிளுக்குக் காற்றடித்த எவரும் பம்பின் அடிப்பகுதி சுடுவதை உணர்ந்திருப்பர். உராய்வினால்தான் சுடுகிறது என்று வகுப்பில் மாணவர்கள் சொல்வதுண்டு. உராய்வின் பங்கு சிறியது. காற்றை நெருக்குவதற்கு நாம் செய்யும் வேலையே பெரும்பாலும் வெப்பமாக மாறுகிறது. சூப்பர்சார்ஜரில் நடப்பதும் இதுவே. கை வேலையை அங்கே எஞ்சின் செய்கிறது என்பது மட்டுமே வேறுபாடு.

ஒரு கணக்கைப் பார்ப்போம். வெளிக்காற்று 30 பாகை செல்சியஸ். சூப்பர்சார்ஜர் அதன் அழுத்தத்தை 1.7 மடங்காக்குகிறது. குறையே இல்லாத கருவியாக இருந்தால் காற்று 80 பாகைக்கு ஏறும். நடைமுறையில் கருவியின் திறன் 65 விழுக்காடு என்று கொண்டால் 106 பாகையைத் தொடும். அழுத்தம் 1.7 மடங்கு ஏறியும், சூட்டினால் காற்று விரிந்துவிடுவதால் அதன் அடர்த்தி 1.36 மடங்குதான் கூடுகிறது. அதே காற்றை, அழுத்தம் குறையாமல், 50 பாகைக்குக் குளிர்வித்தால் அடர்த்தி 1.6 மடங்கை நெருங்கும். எஞ்சினுக்குத் தேவை அழுத்தம் அன்று, ஆக்சிஜன். எனவே சூட்டைத் தணிப்பது என்பது இலவசமாகக் கிடைக்கும் கூடுதல் காற்று.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்றுண்டு. சூடான கலவை, பொறி பற்றவைத்த சுடர் வந்து சேரும் முன்பே சிலிண்டரின் ஒரு மூலையில் தானாக வெடிக்கலாம். நாக்கிங் எனப்படும் இந்தத் தட்டல் தொடர்ந்தால் பிஸ்டன் ஓட்டையாகும், வளையங்கள் உடையும். சூப்பர்சார்ஜர் எஞ்சின்களின் ஆயுளை நிர்ணயித்தது பெரும்பாலும் இதுவே.

எரிபொருளைக் கொண்டு குளிர்வித்த காலம்

சூப்பர்சார்ஜரின் மூதாதை கார்த் தொழிலைச் சேர்ந்தது அன்று. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் காப்புரிமை பெற்ற காற்றூதியே அது. உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்று அனுப்பப் பயன்பட்டது. இரண்டு சுழலிகள் ஒன்றையொன்று தொடாமல் உருண்டு காற்றைத் தள்ளும் அந்த அமைப்பு, பல திருத்தங்களுடன் இன்றும் ‘ரூட்ஸ் வகை’ என்றே வழங்குகிறது.

1921-இல் பெர்லின் கார்க் கண்காட்சியில் மெர்சிடஸ் நிறுவனம் சூப்பர்சார்ஜர் பூட்டிய இரண்டு கார்களை வைத்தது. ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தால் மட்டுமே அது இயங்கும். மற்ற நேரங்களில் சும்மா இருக்கும். சூடு பெரிய சிக்கலாகாததற்கு அந்தக் குறுகிய பயன்பாடே ஒரு காரணம். இங்கிலாந்தில் 1929-இல் வந்த ‘புளோவர்’ பென்ட்லி வேறு மாதிரி. ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் வடிவமைத்த சூப்பர்சார்ஜர் அதன் முகப்பிலேயே, ரேடியேட்டருக்கு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். நிறுவனர் டபிள்யூ. ஓ. பென்ட்லிக்கு இதில் உடன்பாடில்லை. அதிக ஆற்றல் வேண்டுமானால் பெரிய எஞ்சினே வழி என்பது அவர் கட்சி. 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளும் லே மான் பந்தயத்தை வென்றது சூப்பர்சார்ஜர் இல்லாத அவரது ஆறரை லிட்டர் ‘ஸ்பீட் சிக்ஸ்’தான். புளோவர் கார் ஒருமுறையும் அங்கே வெல்லவில்லை. ஆனாலும் இன்று படங்களிலும் பொம்மைகளிலும் வாழ்வது அதுவே. புகழுக்குத் தனி நியாயம் இருக்கும் போலும்.

1930-களின் பந்தயக் கார்கள் சூட்டுக்குக் கண்ட மருந்து மெத்தனால். திரவம் ஆவியாகும்போது சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தை உறிஞ்சும். மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் அப்படித்தான். ஒரு கிலோ பெட்ரோல் ஆவியாக உறிஞ்சும் வெப்பத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கை ஒரு கிலோ மெத்தனால் உறிஞ்சும். அதோடு, ஒரே அளவு காற்றுக்கு மெத்தனால் இரு மடங்குக்கு மேல் தேவை. ஆக, குளிர்ச்சியும் பல மடங்கு. மெர்சிடஸ் 1937-இல் தன் கிராண்ட் பிரி காரில் கார்புரேட்டரைச் சூப்பர்சார்ஜருக்கு முன்னால் மாற்றிவைத்தது. எரிபொருள் துளிகள் சுழலிகளின் ஊடே செல்லும்போதே ஆவியாகி, அழுத்தும் இடத்திலேயே காற்றைக் குளிர்வித்தன.

இந்த வழியின் உச்சமும் வீழ்ச்சியும் ஒரே காரில் நிகழ்ந்தன. ஆல்ஃபா ரோமியோ 159-இன் எஞ்சின் ஒன்றரை லிட்டர்தான். இரு கட்டச் சூப்பர்சார்ஜருடன் சுமார் 425 குதிரைத்திறன் தந்தது. இண்டர்கூலர் கிடையாது. குளிர்விக்கும் பொறுப்பு முழுவதும் ஆல்கஹால் எரிபொருளுடையது. உள்ளே போன எரிபொருளில் ஒரு பகுதி ஆற்றலுக்காக அன்றிக் குளிர்ச்சிக்காகவே செலவானது. விளைவு, ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றரை லிட்டருக்கும் மேல் குடித்தது. 1951 ஜூலை 14 அன்று சில்வர்ஸ்டோனில் நடந்த பிரிட்டிஷ் கிராண்ட் பிரியில், சூப்பர்சார்ஜரே இல்லாத நாலரை லிட்டர் ஃபெராரியில் வந்த ஹோசே ஃப்ரோயிலான் கொன்சாலஸ், ஆல்ஃபாவில் வந்த ஃபாஞ்சியோவை வென்றார். உலகப் போட்டியில் ஃபெராரியின் முதல் வெற்றி அது. ஆல்ஃபா கார்கள் எரிபொருளுக்காக இருமுறை நிற்க வேண்டியிருந்தது. நிரம்பிய தொட்டியின் எடையும் அவற்றை இழுத்தது. அந்த ஆண்டு இறுதியில் ஆல்ஃபா விலகிக்கொண்டது.

எரிபொருளைச் செலவழித்துக் குளிர்வித்தால் செலவழித்த அளவுக்குத்தான் குளிர்ச்சி. தொட்டி தீர்ந்தால் அதுவும் தீரும். வெப்பத்தைக் காற்றிலிருந்து எடுத்து வண்டிக்கு வெளியே அனுப்பிவிடும் வழி வேறு. அதற்குத் தீர்ந்துபோகும் பண்டம் எதுவும் தேவையில்லை. அந்த வழியைக் கார்களுக்கு முன்பே விமானங்கள் கண்டுகொண்டிருந்தன.

மெர்லின் எஞ்சினும் 1942-ஆம் ஆண்டும்

‘இண்டர்’ என்னும் முன்னொட்டுக்கு இடையே என்று பொருள். இரு கட்டமாகக் காற்றை அழுத்தும் தொழிற்சாலைக் கம்பிரசர்களில், முதல் கட்டத்துக்கும் இரண்டாம் கட்டத்துக்கும் இடையே காற்றைக் குளிர்விக்கும் பகுதிக்கு அமைந்த பெயர் இது. நம் ஊர்ப் பஞ்சர் கடைகளில் சிலவற்றில் உள்ள இரட்டைச் சிலிண்டர் கம்பிரசர்களில், இரு சிலிண்டர்களையும் இணைக்கும் குழாயில் மெல்லிய தகடுகள் வரிசையாக இருப்பதைக் காணலாம். அதுவும் இண்டர்கூலரே. கார்களில் இன்று இருப்பது பெரும்பாலும் அழுத்தம் முழுவதும் முடிந்த பிறகு குளிர்விப்பது. கறாராகச் சொன்னால் அது ‘இடை’ அன்று, ‘பின்’. பழைய பெயரே ஒட்டிக்கொண்டது.

விமானத்தில் சூப்பர்சார்ஜர் இன்றியமையாதது. 9,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் தரைமட்டத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அங்கே வெளிக்காற்று சுமார் −44 பாகை. அவ்வளவு குளிரில் குளிர்விப்பான் எதற்கு என்று கேட்கத் தோன்றும். அந்த மெல்லிய காற்றைத் தரைமட்டத்துக்கும் மேலான அழுத்தத்துக்குக் கொண்டுவர ஐந்து மடங்குக்கு மேல் நெருக்க வேண்டும். கணக்குப் போட்டால் வெப்பநிலை 200 பாகை அளவுக்கு ஏறுகிறது. உறைபனியில் தொடங்கிய காற்று, தண்ணீரின் கொதிநிலையைத் தாண்டிச் சிலிண்டரை அடையும்.

இங்கிலாந்தின் டார்பி நகரில் இருந்த ரோல்ஸ்-ராய்ஸ் ஆலையில் 1938 ஜனவரியில் ஸ்டான்லி ஹூக்கர் என்ற இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். அவர் பொறியாளர் அல்லர், கணிதம் கற்றவர். மெர்லின் எஞ்சினின் சூப்பர்சார்ஜர் சோதனை அளவுகளைக் கணக்கிட்டுப் பார்த்தவர், காற்று செல்லும் பாதைகளில் பல திருத்தங்களைக் காட்டினார். அவரது பணி சிறிது காலத்தில் ஒரே தண்டில் இரண்டு சூழல்விசிறிகள் கொண்ட இரு கட்டச் சூப்பர்சார்ஜரில் வந்து நின்றது. வெலிங்டன் என்னும் குண்டுவீச்சு விமானம் மிக உயரத்தில் பறப்பதற்காகத் தொடங்கிய வேலை அது.

1941 இலையுதிர் காலத்தில் ஜெர்மனியின் ஃபோக்கவுல்ஃப் 190 போர் விமானம் ஆங்கிலக் கால்வாயின் மேல் தோன்றியது. அப்போதைய ஸ்பிட்ஃபயர் ஐந்தாம் வகையைவிட அது வேகமானது. பழைய விமானத்தில் புதிய எதிரியை எதிர்கொண்ட விமானிகள் உயிரால் விலை கொடுத்தனர். குண்டுவீச்சு விமானத்துக்கென்று உருவான இரு கட்ட எஞ்சினை ஸ்பிட்ஃபயரின் மூக்கில் பொருத்தும் முடிவு இந்த நெருக்கடிக்குப் பதிலாக அமைந்தது. பழைய எஞ்சினைவிட அது சுமார் 23 செ.மீ. மட்டுமே நீளம். கொள்ளளவு அதே 27 லிட்டர்.

இரு கட்டம் என்றால் இரட்டைச் சூடு. மெர்லின் எஞ்சினிலும் கார்புரேட்டர் சூப்பர்சார்ஜருக்கு முன்னால்தான் இருந்தது; பெட்ரோல் ஆவியாவதால் சுமார் 25 பாகை குறையும். இருநூறுக்கு இருபத்தைந்து எம்மாத்திரம்? எனவே இரண்டு கட்டங்களுக்கும் இடையே உள்ள பாதையைச் சுற்றிக் குளிர்நீர் ஓடும் உறை வைத்தனர். இரண்டாம் கட்டத்தைத் தாண்டிய பின், சிலிண்டர் வரிசைகளுக்குப் பின்புறம், ஒரு பெட்டி வடிவ இண்டர்கூலரை வைத்தனர். அதில் ஓடிய நீரும் கிளைக்காலும் கலந்த திரவம் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தோடு கலக்காது. அதற்கெனத் தனிப் பம்பு, தனித் தொட்டி, தனி ரேடியேட்டர். இந்தத் தனிச்சுற்று முக்கியமானது. எஞ்சின் நீர் நூறு பாகையை ஒட்டி ஓடுவது. அதைக் கொண்டு காற்றை ஐம்பது பாகைக்கு இறக்க முடியாது.

அந்தக் கூடுதல் ரேடியேட்டரை விமானத்தின் உருவத்திலேயே பார்க்கலாம். ஐந்தாம் வகையில் வலது இறக்கையின் கீழ் பெரிய ரேடியேட்டரும் இடது இறக்கையின் கீழ் ஒல்லியான எண்ணெய்க் குளிர்விப்பானும் இருக்கும். ஒன்பதாம் வகையில் இரு புறமும் ஒரே அளவுப் பெட்டிகள்; வலப் பெட்டிக்குள் இண்டர்கூலரின் ரேடியேட்டர் இடம்பெற்றது. 1942 ஜூலையில் 64-ஆம் படைப்பிரிவு இவ்விமானங்களைப் போரில் இறக்கியது. வேகம் மணிக்கு சுமார் 595 கி.மீ. இலிருந்து 650 கி.மீ. அளவுக்கு உயர்ந்தது, அதைவிட, உயரத்தில் எஞ்சின் மூச்சுத் திணறவில்லை. ஃபோக்கவுல்ஃப் விமானி, எதிரே வருவது பழைய வகையா புதிய வகையா என்று தொலைவில் இருந்து பிரித்தறிவது கடினம் என்பது பிரிட்டிஷாருக்குக் கூடுதல் ஆதாயம்.

இதே காலத்தில் அமெரிக்கர்கள் பட்ட பாடு வேறு. லாக்ஹீட் பி-38 விமானத்தில் இண்டர்கூலரை இறக்கையின் முன்விளிம்புக்குள்ளேயே அமைத்திருந்தனர். இடம் மிச்சம், காற்றுத் தடையும் இல்லை; அழகான யோசனைதான். ஆனால் எஞ்சின் ஆற்றலை ஆண்டுதோறும் கூட்டக் கூட்ட, இறக்கைக்குள் அடைபட்ட குளிர்விப்பானை மட்டும் பெரிதாக்க முடியவில்லை. எஞ்சினால் தர முடிந்த ஆற்றலைக் குளிர்விப்பான் அனுமதிக்கவில்லை. 1943-இல் வந்த ‘ஜே’ வகையில் அதை எஞ்சினுக்குக் கீழே, முகவாய் போன்ற பெட்டிக்கு மாற்றினர். காலியான முன்விளிம்பில் எரிபொருள் தொட்டி வைத்தனர்.

கார்களுக்குத் திரும்பிய கருவி

போர் முடிந்ததும் இந்த அறிவு உடனே கார்களுக்கு வந்துவிடவில்லை. 1962-இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் ‘ஜெட்ஃபயர்’ என்ற டர்போ காரை விற்றது. மூன்றரை லிட்டர் எஞ்சின், 215 குதிரைத்திறன். அவர்கள் தேர்ந்தெடுத்தது மீண்டும் செலவழிக்கும் வழியைத்தான். தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் நிரப்ப வேண்டும்; எஞ்சின் அழுத்தத்தில் ஓடும்போது அது உள்ளே தெளிக்கப்படும். உரிமையாளர்கள் பலர் அத்தொட்டியை நிரப்ப மறந்தனர். திரவம் தீர்ந்தால் காரே தன் ஆற்றலைக் குறைத்துக்கொள்ளும். வாங்கியவர் குறை கூறினார். கடைசியில் பல கார்களில் டர்போவையே கழற்றி எறிந்தனர். இரண்டு ஆண்டுகளில் பத்தாயிரத்துக்கும் குறைவான கார்களோடு கதை முடிந்தது. பந்தய அணியில் தொட்டி நிரப்ப ஆள் இருப்பர்; வீட்டில் யார் இருப்பர்?

1977-இல் ரெனோ நிறுவனம் ஒன்றரை லிட்டர் டர்போ எஞ்சினோடு ஃபார்முலா 1 பந்தயத்தில் இறங்கியது. 1951-இல் ஆல்ஃபா வைத்திருந்த அதே கொள்ளளவு. ஆனால் இம்முறை இண்டர்கூலர் இருந்தது. அடிக்கடி புகைவிட்டு நின்றதால் ‘மஞ்சள் தேநீர்ப் பானை’ என்று கேலி பேசினர். 1979-இல் டிஜோனில் ழான்-பியேர் ழபூய் அதில் வென்றபின் கேலி நின்றது. இதற்கிடையே 1978-இல் போர்ஷ 911 டர்போ, 260-இலிருந்து 300 குதிரைத்திறனுக்கு உயர்ந்தது. எஞ்சின் 3.0 லிட்டரிலிருந்து 3.3 ஆனதும் பின்புற இறக்கைக்கு அடியில் இண்டர்கூலர் வந்ததும் இணைந்து தந்த பலன். 1989-இல் ஃபோர்டு தண்டர்பேர்ட் சூப்பர் கூப் காரில் ஈட்டன் நிறுவனத்தின் ரூட்ஸ் வகைச் சூப்பர்சார்ஜரும் இண்டர்கூலரும் சேர்ந்தே வந்தன.

இன்றைய சூப்பர்சார்ஜர் காரில் சூடு எங்கே தேங்குகிறது

ரூட்ஸ் வகைச் சூப்பர்சார்ஜர் பெரும்பாலும் ‘வி’ வடிவ எஞ்சினின் இரு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே, உச்சியில் அமர்கிறது. காற்றை முகப்புக்குக் கொண்டுபோய்க் குளிர்வித்துத் திருப்ப அங்கே இடமில்லை. எனவே மெர்லின் எஞ்சினின் அதே ஏற்பாடு திரும்பியது: சூப்பர்சார்ஜரின் அடியிலோ பக்கத்திலோ நீர் ஓடும் சிறு குளிர்விப்பான், மின்பம்பு, முகப்பில் ஒரு தனி ரேடியேட்டர். 2003 ஃபோர்டு மஸ்டாங் கோப்ராவும், அக்காலத்து மெர்சிடஸ் ஈ55 ஏஎம்ஜி காரும் இவ்வகை.

தண்ணீர் நல்ல சுமைதூக்கி. ஒரே பருமன் காற்றைவிட ஏறக்குறைய 3,500 மடங்கு வெப்பத்தை ஏந்தும். ஆனால் அது வெப்பத்தை அழிப்பதில்லை, ஏந்துகிறது. சுமார் 400 குதிரைத்திறன் எஞ்சின் நொடிக்கு 0.3 கிலோ காற்றை இழுக்கும். அதை 106-இலிருந்து 50 பாகைக்கு இறக்க 17 கிலோவாட் வெப்பத்தை எடுக்க வேண்டும். சுற்றில் 5 லிட்டர் நீர் இருந்து, ரேடியேட்டர் ஒன்றுமே செய்யாவிட்டாலும், பத்து நொடி முழு மிதியில் நீர் 8 பாகைதான் சூடாகும். அதனால்தான் முதல் ஓட்டம் பிரமாதமாக இருக்கும். மூன்றாவது, நான்காவது ஓட்டத்தில் கார் சோர்ந்துவிடும். காற்றின் சூட்டை உணர்ந்த கணினி பற்றவைப்பு நேரத்தைப் பின்தள்ளி எஞ்சினைக் காப்பாற்றுகிறது. ஓட்டுநர்கள் இதை ‘ஹீட் சோக்’, அதாவது சூடு ஊறிப்போதல் என்பர்.

குளிர்ச்சியைக் கூட்ட முனைவோர் முதலில் பெரிய இண்டர்கூலரைத் தேடுகின்றனர். பெரும்பாலும் தவறான இடம் அது. 20 லிட்டர் நீரை ஒரு நிமிடத்தில் ஓட்டும் பம்பு இருந்தால், 17 கிலோவாட்டுக்கு நீர் ஒரு சுற்றில் 12 பாகை சூடாகும். பம்பின் வேகம் பாதியானால் 24 பாகை. ஓட்டம் சரியாக இருந்தும் நீர் நிமிடத்துக்கு நிமிடம் சூடேறிக்கொண்டே போனால் குறை முகப்பு ரேடியேட்டரில். அதன் மேல் காற்று படுகிறதா, பக்கவாட்டில் நழுவிப் போகிறதா, ஏசி கண்டன்சர் விட்ட வெந்த காற்று படுகிறதா என்று பார்க்க வேண்டும். சிக்னலில் நிற்கும்போது விசிறி இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய ரேடியேட்டரும் வெறும் தகடுதான். நீர் குளிர்ந்தே இருந்து காற்று மட்டும் சூடாக வந்தால்தான் இண்டர்கூலர் சிறியது என்று பொருள். அதைப் பெரிதாக்கினாலும், நெருக்கமான தகடுகள் அழுத்தத்தைச் சற்றுத் தின்றுவிடும்.

குறுந்தூரப் பந்தயக்காரர்கள் நீர்த்தொட்டியில் ஐஸ் கொட்டுவர். 5 கிலோ ஐஸ் உருக சுமார் 1,670 கிலோஜூல் வேண்டும். மேற்சொன்ன எஞ்சினை முழு மிதியில் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் தாங்கும். பத்துப் பன்னிரண்டு நொடிப் பந்தயத்துக்கு அது தாராளம், நெடுஞ்சாலைக்கு உதவாது. ஜெட்ஃபயரின் தொட்டியைப் போலவே இதுவும் யாரோ ஒருவர் நிரப்ப வேண்டிய தொட்டி. சுபாரு இம்ப்ரெசா எஸ்டிஐ கார்களில் இண்டர்கூலரின் மேல் தண்ணீர் தெளிக்கும் ஏற்பாடு இருந்தது. மண்பானைத் தத்துவமே, உள்ளே அன்றி வெளியே.

முகப்பு ரேடியேட்டரை நம்பும் எந்த அமைப்பும் நீரை வெளிக்காற்றைவிடக் குளிர்விக்க இயலாது. 2018-இல் வந்த டாட்ஜ் சேலஞ்சர் டீமன் இந்த எல்லையைத் தாண்ட ஏசியைப் பயன்படுத்தியது. 6.2 லிட்டர் சூப்பர்சார்ஜர் எஞ்சின், பந்தய எரிபொருளில் 840 குதிரைத்திறன். ஓட்டப் பந்தய நிலையில், பயணிகள் அறைக்குப் போகும் குளிர்பொருளைத் திருப்பி, இண்டர்கூலர் நீரைக் குளிர்விக்கும் கருவிக்கு அனுப்புகிறது. உட்கார்ந்திருப்பவருக்குக் குளிர்காற்று நின்றுவிடும். ஏசி எடுத்த வெப்பமும் முகப்பில் உள்ள கண்டன்சர் வழியாகத்தான் வெளியேற வேண்டும் என்பதால், எஞ்சினை அணைத்த பிறகும் விசிறியும் நீர்ப் பம்பும் தொடர்ந்து ஓடும்படி அமைத்திருக்கின்றனர். அடுத்த ஓட்டத்துக்கு வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் நீர் குளிர்ந்துகொள்கிறது.